பிஸ்கட் டப்பாவும் பேஸ் கிடாரும்

கெர்ரிமோர் எஸ்டேட் ஃபாக்டரியில் ஞானசீலன் வேலைக்குச் சேர்ந்தது 1977 நவம்பர் 14, திங்கட்கிழமை. அதற்கு ஐந்து வாரம் முன்பு, அக்டோபர் 10ஆம் தேதி, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவன். மனைவி பியாட்ரிஸ், இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மெஷின், ஒரு சால்டரிங் அயர்ன். இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தது இவ்வளவுதான். அப்போது அவனுக்கு வயது இருபத்தொன்பது.

அவன் தோட்டத்து ஆள் அல்ல. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவனே தவிர, இருபது வயதிலிருந்து ஹட்டனில் ஒரு ரேடியோ கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். கல்யாண வீடுகளில் பாட்டுக் கோஷ்டி வந்தால் மைக் வைப்பதும் அவன்தான். ஆனால் இந்தியக் குடியுரிமை கேட்டு மனு எழுதியபோது, தொழில் என்ற கட்டத்தில் அப்பாவுக்குப் போட்டதையே தனக்கும் போடச் சொன்னான். வீடு முழுக்க ஒரே தொழில் என்றால் காகிதம் சீக்கிரம் நகரும் என்று லயத்தில் எல்லோரும் நம்பினார்கள். காகிதம் சீக்கிரம்தான் நகர்ந்தது. இலங்கையிலிருந்து வருகிறவர்களை வைக்கும் மண்டபம் முகாமில் முப்பத்திரண்டு நாள் இருந்தபோது, ரேடியோ ரிப்பேர் தெரியும் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். குடும்ப அட்டையில் தோட்டத் தொழிலாளி என்றுதான் இருக்கிறது என்றார்கள். கோத்தகிரி ரோட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் கெர்ரிமோருக்கு அனுப்பினார்கள். பியாட்ரிஸுக்குக் கொழுந்து எடுக்கும் வேலை, அவனுக்கு சி.டி.சி. அறை.

வாடிய கொழுந்தைப் பற்கள் வைத்த இரட்டை உருளைகளுக்கு நடுவே விட்டு, நொறுக்கிச் சுருட்டும் அறை அது. நான்கு மெஷின். கூரை தகரம். அங்கே எட்டு மணி நேரம் நிற்பவன் பக்கத்து ஆளிடம் வாய் விட்டுப் பேச முடியாது; பேசினாலும் பயனில்லை. ஆகவே வருகிறவர்கள் எல்லோரும் ஒரு மாதத்தில் உதட்டைப் பார்த்துப் பேச்சை எடுக்கப் பழகிவிடுவார்கள். கதை, சண்டை, கேலி எல்லாமே அங்கே உதட்டிலும் விரலிலும்தான். சிலர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். ஞானசீலன் வைத்ததில்லை. உருளைக்குள் கல் சிக்கினால் சத்தம் மாறும். அந்த மாற்றத்தை முதலில் கண்டுபிடிப்பவன் அவன்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த அறையை விட்டு வெளியேற வேண்டும். நான்கு வருடமும் அவன் ஜெபத்தில் வேறு எதையும் கேட்டதில்லை.

வழி ஒன்று திறந்தது. குன்னூர் கீழ் பஜாரில் தெய்வம்மா சவுண்ட் சர்வீஸ் என்று ஒரு கடை. தெய்வம்மா என்பது கடைக்காரர் வேலாமணியின் மனைவி. அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த மனுஷன். 1979 ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானசீலன் அவரிடம் போனான். கல்யாணம், கோயில், கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஒயர் இழுத்து, ஆம்பிளிஃபையர் முன்னால் உட்கார்ந்துகொள்வான்.

அடுத்த வருடம் எஸ்டேட்டிலேயே ஒரு பாட்டுக் கோஷ்டி சேர்ந்தது. எல்லோரும் இலங்கையிலிருந்து வந்தவர்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் அழகையா மஸ்கெலியாக்காரன். போர்வையில் சுற்றிய பேஸ் கிடாரைக் கப்பலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தவன். ஃபாக்டரிக்கு விறகு பிளக்கும் முத்துவேல், பழைய பேண்டு செட்டிலிருந்து வாங்கிய பெரிய டிரம்மில் மிதிகட்டை பொருத்தி டிரம்ஸ் வாசித்தான். அதைக் கால் டிரம் என்று சொல்லுவார்கள். பாடுவது சின்னம்மை, கொழுந்து எடுப்பவள், பத்தொன்பது வயது.

கோஷ்டிக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு நோய் இருந்தது. முத்துவேல் காலால் மிதிக்கிற அடியும் அழகையா விரலால் சுண்டுகிற தந்தியும் ஒரே தாழ்ந்த இடத்தில் நிற்கும் சத்தங்கள். இரண்டும் ஒரே நொடியில் ஒரே ஸ்பீக்கரில் வந்தால் டிரம்மும் இல்லை, கிடாரும் இல்லை. மூடிய அண்டாவுக்குள் எருமை கத்துவது போல ஒரு கும்மல். கிடாரைக் குறைத்தால் பாட்டு எலும்பும் தோலுமாகிவிடும். டிரம்மைக் குறைத்தால் முத்துவேலுக்குக் கோபம் வரும்.

"என் காலு வீங்குற அளவுக்கு மிதிக்கிறேன், உன் தந்தி வந்து அப்புடியே முழுங்கிருது" என்பான் முத்துவேல்.

"ஓங் கால் வீங்குனா விறகு யார்டா பொளக்கிறது? மெல்ல மிதி" என்பான் அழகையா.

ஞானசீலன் இதை ஆறு மாதம் யோசித்தான். ஹட்டன் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில், வானொலிக்காரர்கள் செய்யும் ஒரு வேலையைப் படம் போட்டுப் பார்த்திருந்தான். அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் பின்னணி இசை தானாகத் தாழும்; அவர் நிறுத்தியதும் தானாக எழும். கை வைக்க வேண்டியதில்லை. ஒரு சத்தத்தின் கையில் இன்னொரு சத்தத்தின் குமிழைக் கொடுத்துவிடுவது. அறிவிப்பாளர் இடத்தில் கால் டிரம்மையும், இசையின் இடத்தில் பேஸ் கிடாரையும் வைத்தால் என்ன?

1981 ஆகஸ்டில் பெட்டி தயாரானது. ஒரு பிஸ்கட் தகர டப்பா. உள்ளே ஒரு டார்ச் பல்பு. அதற்கு எதிரே, வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் ஒரு சிறு வில்லை, கோயம்புத்தூரில் தேடி வாங்கியது. டிரம் அடி விழுந்தால் பல்பு மின்னும். பல்பு மின்னினால் வில்லை கிடாரின் சத்தத்தில் பாதியை எர்த் ஒயருக்குக் கடத்திவிடும். பல்பு அணைந்தால் கிடார் மறுபடி நிமிரும். எல்லாம் கண் இமைக்கிற நேரம். கேட்கிறவனுக்குக் கிடார் தாழ்ந்ததே தெரியாது. டிரம் தனியாக, கிடார் தனியாக, இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு நடப்பது போல இருக்கும்.

முதல் நாள் கேட்டதும் அழகையா கிடாரைக் கீழே வைத்துவிட்டான்.

"மச்சான், இந்தத் தகர டப்பா நம்ம தோட்டத்துக் கண்டக்டரையா விட நல்லாப் பஞ்சாயத்து பண்ணுது."

அக்டோபரில் வேலாமணி ஒரு துண்டு விளம்பரத்தோடு வந்தார். கோயம்புத்தூரில் புதிதாகத் தொடங்கிய கேசட் கம்பெனி ஒன்று புதுக் கோஷ்டிகளைத் தேடுகிறது. சொந்தப் பாட்டு மூன்று பதிவு செய்து அனுப்ப வேண்டும். ஒரு கோஷ்டிக்கு ஒரு முறைதான். கடைசி நாள் ஜனவரி 31.

"இது மட்டும் தேறுச்சுன்னா நெறைய புக்கிங் வருமுங்க ஞானம். அப்பறம் ஞாயித்துக்கெழம மட்டும் வர்ற ஆபரேட்டர வெச்சு என்னால ஓட்ட முடியாது. நீ அந்த மெஷின் வேலைய உட்டுப்போட்டு என்ற கடைக்கே வந்துரு. உன்ற ஊட்டுக்காரி கொழுந்து எடுக்கறவரைக்கும் லைன் வீட்டையும் ஆரும் கேக்க மாட்டாங்க."

வேலாமணி அதை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சொன்னதை மாற்றுகிற ஆள் இல்லை.

ஒத்திகை நாட்களில் ஒரு சிறு குறை மட்டும் பேச்சில் அடிபட்டது. சின்னம்மை பின்னாலிருந்து "அண்ணே, அண்ணே" என்று நான்கு தடவை கூப்பிட்டும் ஞானசீலன் திரும்பவில்லை.

"இஞ்சினியரு ஆயிட்டாருல்ல, நம்மளயெல்லாம் கண்டுக்குவாரா?" என்றான் முத்துவேல். "இனிமே மனு எழுதித்தான் கூப்பிடணும்."

ஞானசீலனும் சிரித்தான். வேலையில் மூழ்கினால் தனக்கு இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான்.

பதிவு 1982 ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில். வேலாமணிக்குக் குன்னூரில் ஒரு கல்யாணம். மிக்சரையும் டேப் டெக்கையும் ஜீப்பில் அனுப்பிவிட்டு அவர் வரவில்லை. ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டார்கள். கிடார் பிளேயருக்குக் கேட்க ஒரு சிறு ஸ்பீக்கர். அது பெட்டிக்கு முந்திய இடத்திலிருந்து போனது. பெட்டிக்குப் பிந்திய சத்தத்தைக் கேட்டவன் ஹெட்ஃபோன் மாட்டியிருந்த ஞானசீலன் ஒருவன்தான்.

அன்று காலை அவன் பெட்டியில் ஒரு மாற்றம் செய்திருந்தான். டார்ச் பல்பு சூடேறி மின்னக் கொஞ்சம் தாமதிக்கிறது. அதற்குள் அடியின் முனை கிடாரில் மாட்டிக்கொள்கிறது. பல்பை எடுத்துவிட்டு, புதிதாகக் கிடைத்த சிவப்பு எல்.இ.டி. ஒன்றை வைத்தான். அதற்கு வெளிச்சம் போதாது என்பதால் பெட்டிக்குள் அதை எரியவைக்கும் சிறு ஆம்பிளிஃபையரின் பலத்தை மூன்று மடங்கு ஏற்றினான். போட்டுக் கேட்டான். அடி கத்தி வெட்டு போல விழுந்தது. இதுவரை எந்தக் கேசட்டிலும் அவன் அப்படிக் கேட்டதில்லை.

மூன்று பாட்டும் மதியம் ஒன்றரை மணிக்குள் முடிந்தன. சின்னம்மை அவனுக்கு நேரெதிரே நின்று பாடினாள். ஒவ்வொரு சொல்லும் அவனுக்குத் தெளிவாக விழுந்தது. மூன்றாவது பாட்டு முடிந்த பத்தாவது நிமிடம் கரண்ட் போனது. மாலை வரை வரவில்லை.

"ஒரு தடவ போட்டுக் காட்டு மச்சான்" என்று அழகையா கெஞ்சினான்.

"கரண்ட் வேணும்ல. நான் கேட்டேன். தங்கம் மாதிரி வந்துருக்கு. நம்பு."

டேப்பை அப்படியே ஜீப்பில் கொடுத்தனுப்பினார்கள். மறுநாள் திங்கட்கிழமை காலை, கெடு நெருங்கிவிட்டதால், வேலாமணி கேட்டுப் பார்க்காமலே பதிவுத் தபாலில் போட்டார். அந்த வாரம் ஞானசீலன் மெஷின் முன்னால் நின்றபடி, இன்னும் எத்தனை ஷிஃப்ட் என்று எண்ணத் தொடங்கினான்.

பதில் மார்ச் 12ஆம் தேதி வந்தது. டேப்பும் கூடவே திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேலாமணி கடையில் கூடினார்கள். அவர் கடிதத்தை வாசித்தார். பாடல்களும் குரலும் நன்றாக இருக்கின்றன. ஆனால் மூன்று பாட்டிலும், கால் டிரம் விழும்போதெல்லாம், காதைத் துளைக்கும் விசில் ஒன்று பதிவாகியிருக்கிறது. இதைக் கொண்டு முடிவு செய்ய இயலவில்லை. மறுபடி அனுப்ப இடமில்லை.

"விசிலா?" என்றான் ஞானசீலன். "அவங்க மெஷின்ல கோளாறா இருக்கும். போடுங்க முதலாளி, நம்மளே கேப்போம்."

வேலாமணி டேப்பைப் போட்டார். முதல் அடி விழுந்ததும் முகத்தைச் சுளித்தார். நான்காவது அடியில் சின்னம்மை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஞானசீலன் முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அடி, உடனே தாழும் தந்தி, மறுபடி எழும் தந்தி. எவ்வளவு சுத்தம். அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

"எங்க விசில்? ஒண்ணுமே இல்லையே. எப்புடிப் பிரிஞ்சு நிக்குது பாருங்க ரெண்டும்."

வேலாமணி சத்தத்தைக் குறைத்தார்.

"அண்ணே, நிறுத்துங்கண்ணே. பல்லு கூசுது" என்றாள் சின்னம்மை.

"வெளையாடாத புள்ள" என்றான் ஞானசீலன்.

"ஏனப்பா ஞானம்" என்றார் வேலாமணி டேப்பை நிறுத்திவிட்டு, "நெசமாலுமே உனக்குக் கேக்கலீங்களா?"

முத்துவேல் ஏதோ கேலிக்கு வாயெடுத்தான். அழகையா அவன் தொடையில் கையை வைத்து அழுத்தினான். பிறகு எழுந்து வந்து ஞானசீலனின் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினான்.

"எதுக்குடா?"

"சும்மா நில்லு."

நான்கடி பின்னால் போய் நின்று அழகையா சாதாரணக் குரலில் ஏதோ சொன்னான். ஞானசீலனுக்குக் குரல் கேட்டது. குரல்தான் கேட்டது, பக்கத்து வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு யாரோ பேசுவது போல. சொல் ஒன்றும் இல்லை. ஓரம் தேய்ந்த காசு போல எல்லாம் ஒன்றாக இருந்தது.

"டீ சொல்லணும்ங்கிறே" என்றான், சுவரைப் பார்த்தபடி.

அவன் தானாகவே திரும்பினான். அழகையாவின் கண் கலங்கியிருந்தது.

"இல்ல மச்சான். ஹட்டன் சிங்கமலைச் சுரங்கத்துக்குள்ள அன்னைக்கு ரயில் கோச்சி நின்னுச்சே, ஞாபகம் இருக்கான்னு கேட்டேன்."

இப்போது ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. உதடு தெரிந்தது.

வேலாமணி டேப்பை வெளியே எடுத்து வைத்தார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போயி டாக்டரப் பாரு கண்ணு" என்று மட்டும் சொன்னார். கடைக்கு வருவதைப் பற்றி அவரும் பேசவில்லை, இவனும் கேட்கவில்லை.

வீட்டில் பியாட்ரிஸ் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னான். அவள் அடுப்பிலிருந்து எழுந்து, வழக்கம்போல அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். அப்போதுதான் அதை ஒரு வழக்கம் என்று அவன் கவனித்தான்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"முந்தின வருசம் ஈஸ்டருக்கு முன்னாடியே. பின்னாலருந்து கூப்புட்டா திரும்ப மாட்டீங்க. பக்கத்துல குருவி கத்துனா நிமிந்து பாக்க மாட்டீங்க. அப்பருந்து நான் முன்னால வந்து நின்னுதான் கதைக்கிறேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா? ஆறு நாளு அந்த மெஷின் முன்னாடி செத்துட்டு வர்றீங்க. ஞாயித்துக்கெழம அந்த ஒயரத் தொடுறப்பதான் மனுசனா இருந்தீங்க. அதையும் என் வாயாலயே புடுங்கச் சொல்றீங்களா?"

நீ அன்றே சொல்லியிருந்தால் ஜனவரி 24ஆம் தேதி ஹெட்ஃபோனை அழகையா தலையில் ஒரு நிமிடம் மாட்டியிருப்பேன் என்று அவன் சொல்ல நினைத்தான். ஒரு நிமிடம் போதும். அடுப்பில் ரொட்டி கருகியது. அந்த வாடையில்தான் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்ச் 23ஆம் தேதி லீவு போட்டுக் குன்னூரில் டாக்டரைப் பார்த்தான். அவர் கவட்டை போன்ற இரும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதருகே பிடித்தார். தடித்தவை கேட்டன. மெல்லியவை மூன்றை அவர் தட்டியது கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, கேட்கவில்லை. தாழ்ந்த சத்தத்துக்கான நரம்பு நன்றாக இருக்கிறது, மேல் சத்தத்துக்கானது போய்விட்டது, மருந்தில்லை என்றார்.

"இனி கொறையாம இருக்கணும்னா சத்தமில்லாத வேலைக்கு மாறுங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னான். டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

எஸ்டேட் ஆபீசில் கேட்டுப் பார்த்தான். தேயிலைக் காட்டு வேலைக்கு மாறலாம். ஆனால் ஃபாக்டரிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால் புது ஆளாகத்தான் எழுதுவார்கள், அதுவும் ஆள் தேவைப்படும்போது. நாலரை வருடம் இல்லையென்றாகிவிடும். வியாழக்கிழமை காலை ஷிஃப்டுக்கு அவன் போனான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனான். இரண்டு மணி நேரத்தில் எடுத்து எறிந்தான்; கல் சிக்கினால் தெரியாது. சி.டி.சி. அறையில் அவன் மற்ற எல்லோரையும் போலத்தான் இருந்தான். அங்கே அவனை யாரும் குறைவாகப் பார்க்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஏப்ரலில் வேலாமணி மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு ஆபரேட்டரை எடுத்துக்கொண்டார். அழகையா பெட்டியை அவனிடம் காட்டியிருக்கிறான். அவன் திறந்து பார்த்து, அரை மணி நேரம் தடவி, பலம் ஏற்றியிருந்த ஆம்பிளிஃபையரில் ஒரு சிறு கண்டென்சரை வைத்துப் பற்றவைத்தான். விசில் போய்விட்டது. நாலணா சாமான். இதை அழகையா சொல்லாமல் இருந்திருக்கலாம். நண்பனிடம் மறைக்கக் கூடாதென்று வந்து, முகத்துக்கு நேரே நின்று சொன்னான்.

எஸ்டேட் மாரியம்மன் திருவிழா மே 2, ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு மணிக்குக் கோஷ்டியின் கச்சேரி. பியாட்ரிஸ் போக வேண்டாமென்றாள். ஞானசீலன் போனான். மேடைக்கு நாற்பது கெஜம் தள்ளி, கூட்டத்தின் கடைசியில், ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்றான். மேடைக்குப் பக்கத்தில் மேட்டுப்பாளையத்து ஆள் உட்கார்ந்திருந்தான். அவன் கையருகே பிஸ்கட் டப்பா.

முதல் அடி விழுந்தது. தந்தி தாழ்ந்து வழிவிட்டு, அடுத்த நொடி எழுந்து வந்தது. நாற்பது கெஜத்திலும் இரண்டும் தனித்தனியாக, ஒன்றையொன்று இடிக்காமல் வந்தன. டப்பாவின் குமிழ் அளவு எதையும் அந்த ஆள் மாற்றவில்லை. ஞானசீலன் வைத்தபடியே இருந்தது. அதைச் செய்தவனுக்கு அது தெரியும். அவனுக்குக் கேட்ட அளவில் அந்தக் கச்சேரியில் ஒரு பிழையும் இல்லை.

நாலாவதாகச் சின்னம்மை ஒரு புதுப் பாட்டை எடுத்தாள். ஏப்ரலில் அழகையா கட்டியது. அந்த ஒத்திகைகளுக்கு ஞானசீலன் போகவில்லை. அவ்வளவு தூரத்தில் அவள் முகம் விரல் நகத்தளவு தெரிந்தது. வாய் திறந்து மூடியது. அதற்கு மேல் எதுவும் பிடிபடவில்லை. டிரம், தந்தி, டிரம், தந்தி. நடுவில் ஒரு பெண் குரல், சொற்களில்லாமல், மூடுபனிக்குள் யாரோ யாரையோ கூப்பிடுவது போல.

திடீரென்று முன்னால் இருந்த கூட்டம் அசைந்தது. சில பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். ஒரு கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏதோ ஒரு வரி. எந்த வரி என்று தெரியவில்லை. கடலா, கப்பலா, விட்டுவந்த ஆட்களா, அழகையா என்னதான் எழுதியிருக்கிறான்?

பக்கத்தில் பொன்னாயி நின்றிருந்தாள், பியாட்ரிஸோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவள்.

"என்ன பாடுறா, அக்கா?" என்று கேட்டான்.

பொன்னாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமல், மேடையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். நீளமாகவே சொன்னாள்.

ஞானசீலன் சரி என்று தலையாட்டினான்.